வானூர்திக்கு வழிகாட்டும் ககன்

திருவனந்தபுரத்தை அடுத்த தும்பாவிலிருந்து 1963 நவம்பர் 21 அன்று ஆய்வு ஏவூர்தி ஒன்று விண்ணில் பாய்ந்தது. மீனவர் சிற்றூராக இருந்த அவ்விடத்தை அறிவியலார் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், புவியின் காந்த நடுக்கோடு அதன் அருகே செல்வதே. அக்கோட்டை ஒட்டிய வானில் அயனி மண்டலம் ஓயாது மாறிக்கொண்டிருக்கும். ஆராய்வோருக்கு விருந்தான அம்மண்டலம், செயற்கைக்கோளை நம்பி வழி தேடுவோருக்கு இடையூறாகும்.

செயற்கைக்கோள் அனுப்பும் சைகை வந்துசேர எடுக்கும் நேரத்தைக் கொண்டே கருவி தன் இருப்பிடத்தைக் கணிக்கிறது. அயனி மண்டலம் அச்சைகையைத் தாமதப்படுத்தினால் கணக்குச் சில மீட்டர் பிழைபடும். கைப்பேசி பேருந்து நிறுத்தத்திற்குப் பதிலாக எதிர்க்கடையைக் காட்டினால் நாம் சிரித்துவிட்டுப் போகலாம். மேகத்தினூடே ஓடுபாதையை நோக்கி இறங்கும் வானூர்திக்கோ உயரத்தில் நேரும் பிழை பேரிடராகும்.

இப்பிழையைத் திருத்தவே இஸ்ரோவும் இந்திய விமான நிலைய ஆணையமும் இணைந்து, 774 கோடி ரூபாய்ச் செலவில் ‘ககன்’ அமைப்பை உருவாக்கின. நாடெங்கும் 15 குறிப்பு நிலையங்கள் உள்ளன. அவற்றுள் ஒன்று திருவனந்தபுரத்தில் உள்ளது. தம் இருப்பிடத்தைத் துல்லியமாக அறிந்த இந்நிலையங்கள் தரும் அளவீடுகளிலிருந்து பிழை கண்டறியப்படுகிறது. திருத்தம் செயற்கைக்கோள் வழியே வானூர்தியை அடைகிறது.

இச்செலவால் யாருக்குப் பயன்? பெரிய விமான நிலையங்களில் தரையிறங்க வழிகாட்டும் தரைக்கருவிகள் முன்பே உள்ளன. அத்தகைய கருவிகளை நிறுவிப் பேண இயலாத சிறு நிலையங்களுக்கே ககன் பெருந்துணை. 2022 ஏப்ரலில் இராசத்தானின் கிசன்கரில் இண்டிகோ வானூர்தி ஒன்று ககன் துணையுடன் தரையிறங்கியது. இந்தியாவில் இதுவே முதன்முறை. 2015-இல் சான்றுபெற்ற அமைப்பு இதற்கு ஏழாண்டுகள் காத்திருந்தது. வானூர்தியிலும் உரிய கருவி வேண்டும். அச்செலவு விமான நிறுவனங்களைச் சார்ந்தது. 2019 முதல் பதிவாகும் வானூர்திகளில் அக்கருவி கட்டாயம் என்று 2016-ஆம் ஆண்டுக் கொள்கை கூறியது. அக்காலவரை பின்னர்த் தள்ளிப்போயிற்று. விண்ணில் செய்த செலவை மட்டும் கணக்கிட்டால் போதாது என்பது இதனால் விளங்கும்.

வானூர்திக்கென அமைந்த ககன் கடலிலும் பயன்படுகிறது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வீசியபோது, ஆழ்கடலில் இருந்த பூந்துறை, விழிஞம் மீனவர் பலருக்கு எச்சரிக்கை எட்டவில்லை. கைப்பேசிக் கோபுரங்களின் எல்லை அவ்வளவு தொலைவுக்கு நீள்வதில்லை. 2019-இல் அறிமுகமான ‘ஜெமினி’ கருவி, ககன் செயற்கைக்கோள் வழியே புயல் எச்சரிக்கையைப் படகிற்குக் கொண்டுசேர்க்கிறது. ஆயினும் படகிலிருந்து கரைக்குச் செய்தி அனுப்ப அதனால் இயலாது.

வினாக்கள்
1. தும்பா ஏவுதளமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டதற்கும் ககன் தேவைப்பட்டதற்கும் உள்ள தொடர்பு யாது?
2. ககனுக்குரிய கருவியின் செலவை அரசு ஏற்க வேண்டுமா, விமான நிறுவனம் ஏற்க வேண்டுமா? காரணம் தந்து எழுதுக.