கரியில் தேயும் டூல்

அன்புள்ள தம்பிக்கு,

ஹவுரா பெலிலியஸ் சாலைப் பட்டறையில் லேத் வேலைக்குச் சேர்ந்த செய்தி மகிழ்ச்சி தந்தது. இரும்பில் பல நாள் உழைக்கும் கார்பைடு டூல் கிராஃபைட்டில் சீக்கிரமே மழுங்கிவிடுகிறதே, ஏன் என்று கேட்டிருந்தாய். நல்ல கேள்வி. முதலில் கிராஃபைட் எப்படி உருவாகிறது என்று பார்.

கொல்கத்தா சவுரங்கி சாலையில் தலைமையகம் வைத்திருக்கும் கிராஃபைட் இந்தியா, எஃகு உலைக்கான மின்முனைகளைத் துர்காபூரில் செய்கிறது. பெட்ரோலியம் கோக்கையும் தார்ப் பிட்ச்சையும் பிசைந்து சுட்டு, பிறகு 2,500 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடேற்றினால்தான் அது கிராஃபைட். கடைசிச் சூட்டைக் காணாத வெறும் சுட்ட கார்பன் இன்னும் கடினம். டூலை இன்னும் வேகமாகத் தின்னும்.

இரும்பை வேகமாகக் கடையும்போது டூலுக்கு எமன் சூடுதான். அதனால்தான் 1907இல் பொறியாளர் டெய்லர் வெளியிட்ட சூத்திரம் வேகத்தையும் டூல் ஆயுளையும் முடிச்சுப் போட்டது. கிராஃபைட் சுருளாக வராது, பொடியாக உதிரும். அந்தப் பொடி வெட்டுமுனைக்குக் கீழுள்ள பக்கத்தை அரம்போல அராவுகிறது. ஆகவே இங்கே முதலில் பார்க்கவேண்டியது டூல் உரசிப்போகும் தூரம்.

கணக்குப் போட்டுப் பார். 500 மி.மீ. விட்டம், ஒரு மீட்டர் நீளமுள்ள ஒரு மின்முனை. ஃபீட், அதாவது டூல் நகரும் தூரம், சுற்றுக்கு 0.2 மி.மீ. என்றால் 5,000 சுற்று. டூல் உரசும் தூரம் ஏறத்தாழ 7.9 கிலோமீட்டர். ஃபீட்டை 0.4 ஆக்கினால் தூரம் பாதி. மேற்பரப்பின் நேர்த்தி கெடாதவரை ஃபீட்டைக் கூட்டு. மிகக் குறைத்தால் டூல் வெட்டாமல் தேய்க்கத்தான் செய்யும்.

கூலண்ட் ஊற்றாதே. பொடியோடு சேர்ந்து அது சாணைக் குழம்பாகிவிடும். வெட்டும் இடத்திலேயே பொடியை உறிஞ்சி எடுக்கவேண்டும். அந்தப் பொடி மின்சாரம் கடத்தும். மின்பெட்டிக்குள் போனால் ஷார்ட் ஆகும். முகக்கவசமும் கட்டாயம்.

வேலை நிறைய இருந்தால் வைரப்பூச்சு டூல் வாங்கச் சொல். ஆனால் அதை எஃகில் வைக்காதே. வெட்டுச் சூட்டில் வைரத்தின் கார்பன் இரும்புக்குள் கரைந்துபோகும்.

முனைக்குக் கீழே பளபளக்கும் தேய்மானப் பட்டையை லென்ஸ் வைத்து அளந்து பார். எஃகு, வார்ப்பிரும்புக்கான தர வரையறை 0.3 மி.மீ. கிராஃபைட்டில் ஓரம் பொரியத் தொடங்கினாலே டூலை மாற்று. மின்முனைகளை மரையால்தான் ஒன்றோடொன்று இணைப்பார்கள்; மரை பொரிந்தால் அந்த இணைப்பு உலையில் அளவுக்கு மீறிச் சூடேறி உடையும்.

ஒவ்வொரு டூலுக்கும் பொருள், ஃபீட், ஓடிய கிலோமீட்டர், தேய்மானம் நான்கையும் நோட்டில் எழுதி வா. உன் லேத்துக்கும் உன் கிராஃபைட்டுக்கும் பொருந்தும் கணக்கை அந்த நோட்டுதான் தரும்.

அன்புடன்,
அண்ணன்