தையலும் எலும்பும்



சென்ற ஆண்டு வலை இழுக்கும்போது என் அப்பாவின் வலது தோளில் தசைநாண் எலும்பிலிருந்து அறுந்துவிட்டது. அறுவை சிகிச்சை செய்து, அதை எலும்போடு சேர்த்துத் தைத்தார்கள். மூன்று மாதம் பாரம் இழுக்கக் கூடாது என்பது மருத்துவர் கட்டளை. ஆறாவது வாரமே வலி குறைந்தது. "தச்சாச்சுல்லா, இனி என்ன? நாளைக்குக் கடலுக்குப் போறேன்" என்றார் அப்பா. அம்மா அழுதார்கள். நான் காரணத்தைத் தேடிப் படித்தேன்.

தசைநாண் கயிறு போல வளையும், எலும்பு வளையாது. இரண்டும் நேராகச் சேர்ந்தால் சேருமிடத்திலேயே அறுந்து போகும். ஆகவே நடுவில் நார் கலந்த குருத்தெலும்பும், அதை அடுத்துச் சுண்ணச்சத்து ஏறிய குருத்தெலும்பும் அமைந்து, மென்மை படிப்படியாகக் கடினமாகிறது. அறுந்து தைத்தபின் இந்த அமைப்பு முழுமையாகத் திரும்புவதில்லை. முதலில் வடுத்திசு இடைவெளியை நிரப்புகிறது. பிறகு எலும்பின் பக்கமிருந்து புதிய எலும்பு அதற்குள் வளர்ந்து நார்களைக் கவ்விக்கொள்கிறது. அதுவரை இழுவையைத் தாங்குவது பெரும்பாலும் தையல் நூலே!

1993-இல் அமெரிக்க மருத்துவர் ஸ்காட் ரோடியோவும் குழுவினரும் நாய்களின் கால் எலும்பில் துளையிட்டு, அதனுள் தசைநாணைப் பொருத்தி, 2 முதல் 26 வாரம் வரை பல கட்டங்களில் இழுத்துச் சோதித்த முடிவை வெளியிட்டார்கள். (பாவம் அந்த நாய்கள்!) எட்டாம் வாரம் வரை தசைநாண் துளையிலிருந்து உருவிக்கொண்டு வந்தது. பன்னிரண்டாம் வாரத்தில் அப்படி வரவில்லை. நாணே நடுவில் அறுந்தது, அல்லது கருவியின் பிடி நழுவியது. உள்ளே எலும்பு வளர வளரப் பிடிப்பும் கூடியிருந்தது. நாய்க்குரிய கணக்கு மனிதருக்கு அப்படியே பொருந்தாது என்றாலும், முறை இதுதான்.

நம் ஜிம்னாஸ்டிக் வீராங்கனை தீபா கர்மாகருக்கு 2017 ஏப்ரலில் முழங்கால் தசைநார் அறுவை சிகிச்சை நடந்தது. இத்தகைய சிகிச்சையில் பெரும்பாலும் எலும்பில் துளையிட்டுத் தசைநாணையே செருகுவார்கள். அவர் துருக்கியில் மெர்சின் நகரில் தங்கம் வென்றது 2018 ஜூலையில்தான்.

அப்பாவிடம் இதையெல்லாம் சொன்னால் கேட்பாரா? அவர் அறிந்த கடலைக் கொண்டே சொன்னேன். முத்துச் சிப்பி நூலால் பாரைப் பற்றியிருக்கும்; கையால் பிடுங்கலாம். ஆளியோ தன் ஓட்டையே பாறையோடு ஒட்டி வளர்க்கும், உளி வேண்டும். "உங்கள் தோள் இப்போது முத்துச் சிப்பி, அப்பா. ஆளியாக இன்னும் நாளாகும்."

"அப்போ நூலுதான் தாங்குதா?" என்று கேட்டார். சற்று நேரம் தோளைத் தடவிக்கொண்டிருந்துவிட்டு, வள்ளத்தைச் சித்தப்பாவிடம் ஒப்படைத்தார்.

பீடியை மட்டும் இன்னும் விடவில்லை. புகை இந்த ஒட்டுதலைத் தாமதப்படுத்தும் என்று தினமும் சொல்லி வருகிறேன்.

— பத்தாம் வகுப்பு மாணவி