ஒளி தங்கும் குளிர்ப்பொருள்

இரகசியச் செய்தியைப் பூட்ட நமக்குத் திறவுகோல் எண் வேண்டும். அதை ஒளித்துகள்களில் அனுப்பும் முறையை 1984-ல் பென்னட்டும் பிராசார்டும் வகுத்தனர். இடையில் எவரேனும் அளந்து பார்த்தால் துகளின் நிலை குலையும். இருமுனையிலும் ஒப்பிடுகையில் திருட்டு வெளிப்படும். ஆனால் நீண்ட கண்ணாடி இழையில் பல துகள்கள் வழியிலேயே மறைகின்றன. அவற்றை நகலெடுத்துப் பெருக்கவும் இயலாது. ஆகவே இடையிடையே சத்திரங்கள் தேவை.

தனிச்சுழி வெப்பநிலைக்கு மிக அருகே குளிர்ந்த அணுக்கள் ஒரே அலைபோல் இயங்கும் என்பதைப் போஸ், ஐன்ஸ்டீன் கொள்கை கூறிற்று. 1995-ல் அப்பொருள் உருவாயிற்று. இத்தகைய சோடிய அணுக்களில் 1999-ல் லேனே ஹாவ் குழுவினர் ஒளியை வினாடிக்கு 17 மீட்டராகத் தாமதப்படுத்தினர். 2001-ல் குளிர் அணுக்களில் அதைச் சிறிது நேரம் நிறுத்தி, மீண்டும் செலுத்தினர். நாளை நம் இரகசியங்கள் தங்கிச் செல்லும் சத்திரம் இதுவாகலாம் அன்றோ!