மின்னடுப்பும் நம் வீட்டுப் பாத்திரங்களும்

தோட்டத்து லயங்களில் பால்மரக் கட்டைகளைப் பிளந்து, வெயிலில் காயவைத்து, அடுப்பெரித்துச் சமைத்த தாய்மார்கள் பலர் இன்றும் நம்மிடையே வாழ்கின்றனர். தீயின் குணத்தை அவர்கள் நன்கறிவர். கொதி மிஞ்சினால் கொள்ளியை வெளியே இழுப்பார்கள், அனல் தணிந்துவிடும். பின்னர் வந்த எரிவாயு அடுப்பிலும் திருகியை மூடிய கணமே சுடர் மறைந்தது. பெரும்பாலான வீடுகளில் இன்னும் அதுவே புழங்குகிறது. எனினும், அடுக்குமாடி வீடுகளுக்கும் வாடகை அறைகளுக்கும் குடிபெயர்ந்த குடும்பங்கள் சில மின்னடுப்பில் சமைக்கின்றன. அவ்வடுப்புக்குச் சுடர் கிடையாது. அணைத்த பின்னும் அதன் சூடு உடனே நீங்குவதில்லை. நாம் சொல்ல வந்தவற்றுள் தலையாயது இதுவே.

வட்டமாகச் சுருண்ட உலோகக் குழாயினுள் மின்சாரத்தைத் தடுக்கும் கம்பியொன்று செல்கின்றது. தடைப்பட்ட மின்சாரம் வெப்பமாக மாறுகிறது. உலோகம் ஏறத்தாழ 500 பாகை செல்சியசுக்கு மேல் சூடேறினால்தான் நம் கண்ணுக்குச் சிவப்பாகத் தெரியும். 400 பாகைச் சூட்டில் அது கறுப்பாகவே காட்சியளிக்கும். தண்ணீர் கொதிப்பதோ 100 பாகையில்! சிவப்பு மறைந்துவிட்டதே என்று கையை வைப்பவர் கொதிநீரைக் காட்டிலும் கொடிய சூட்டைத் தொடுகிறார்.

எங்கள் ஆசிரியர் ஒருவரின் வீட்டில் நிகழ்ந்ததை அவரது இசைவுடன் எழுதுகிறோம். தாயார் அடுப்பை அணைத்துவிட்டுக் குழம்புச் சட்டியை மேசைக்கு எடுத்துச் சென்றார். ஐந்து வயது மகள் நாற்காலியில் ஏறிக் கறுத்துக் கிடந்த சுருளின்மேல் உள்ளங்கையை ஊன்றினாள். அலறல் கேட்டு ஓடிவந்த பாட்டி, அன்பின் மிகுதியால் பற்பசையைத் தடவிவிட்டார். கிளினிக்கில் அதனைக் கழுவி அகற்றும்போது குழந்தை பட்ட வேதனை இரட்டிப்பாயிற்று. பற்பசை, கிச்சாப்பு, வெண்ணெய் எதுவும் வேண்டா. குழாய்த் தண்ணீரை இருபது நிமிடம் ஓடவிட்டு, சுட்ட இடத்தை அதனடியில் பிடித்திருக்க வேண்டும். கொப்புளத்தை உடைக்கலாகாது. தூய துணியால் மெல்ல மூடி மருத்துவரிடம் செல்க.

இனிப் பாத்திரங்களைக் கவனிப்போம். விறகுத் தீ பாத்திரத்தைச் சுற்றித் தழுவி எரியும். ஆகவே உருண்டை அடிக்குவாலி அதற்கு ஏற்றது. மின்சுருளோ தன்னைத் தொடுகின்ற பகுதிக்கே சூட்டை நன்கு தரும். உருண்டைக் குவாலி அதன்மேல் நடுவில் மட்டும் பட்டு, அங்கே கருகி, ஓரத்தில் வேகாமல் நிற்கும். கரண்டியால் கிளறும்போது ஆடிக் கவிழவும் கூடும். தட்டையான அடியுள்ள குவாலி கடைகளில் கிடைக்கிறது, அதனையே வாங்குக. அடி நெளிந்த பழைய அலுமினியச் சட்டிக்கும் இதே குறை உண்டு. சுருளின் அகலமும் சட்டியின் அகலமும் ஏறக்குறைய ஒத்திருத்தல் நலம். சிறு சட்டியைப் பெரிய சுருளில் வைத்தால் வெளியே தெரியும் சுருளில் துணியோ சட்டைக் கையோ பட்டுத் தீப்பிடிக்கலாம்.

வெறும் பாத்திரத்தைச் சூடேற்றுவது பெருந்தவறு. அலுமினியம் 660 பாகையில் உருகும். நீர் வற்றிய இட்லிப் பானையை மறந்துபோனால் அதன் அடியே உருகி வழியக்கூடும். பாட்டிமார் போற்றிவைத்த பித்தளைப் பாத்திரத்தின் உட்பூச்சான வெள்ளீயம் 232 பாகையிலேயே உருகிவிடும். ஒட்டாச் சட்டியின் பூச்சு 260 பாகைக்கு மேல் கெடத் தொடங்கும். மேலும் சூடேறினால் அதன் புகை கூண்டுப் பறவைகளைக் கொல்ல வல்லது. கிளி வளர்க்கும் வீட்டார் இதனை நினைவிற்கொள்க. மண்சட்டி, சூடு சமமாய்ப் பரவாமையால் விரிசல் காணும். மீன்குழம்புக்கு மண்சட்டிதான் வேண்டுமென்போர் மின்னடுப்பை விட்டுவிடுவதே நன்று!

பால் பொங்கும்போது திருகியை மட்டும் குறைத்துப் பயனில்லை. பாத்திரத்தையே சுருளைவிட்டு அகற்ற வேண்டும். அதற்கென அடுப்பருகில் ஓரிடத்தை எப்பொழுதும் காலியாக வைத்திருத்தல் அவசியம். ஆனால் எண்ணெய் தீப்பற்றினால் முறை நேர்மாறானது. சட்டியைத் தூக்கலாகாது, தூக்கினால் எரியும் எண்ணெய் காலில் கொட்டும். தண்ணீர் ஊற்றவே கூடாது. அது நொடியில் ஆவியாகி எரியும் எண்ணெயை நாற்புறமும் வீசும். மின்சாரத்தை நிறுத்தி, பொருத்தமான உலோக மூடியை மேலே நகர்த்தி மூடி, முற்றிலும் ஆறும்வரை திறவாதிருக்க வேண்டும். தீ மூடியை மீறி வளர்ந்தால் அனைவரும் வெளியேறி 999 எண்ணை அழைக்க வேண்டும்.

மாணவர்களே, கைப்பிடி வெளியே நீட்டிக்கொண்டிருக்கக் கண்டால் தாயாரை அழைத்து உட்புறம் திருப்பச் சொல்லுங்கள். அடுப்பின் மேல் தட்டையாக இருக்கின்றதென்று காய்கறிப் பையையோ பள்ளிப் புத்தகத்தையோ அங்கு வைக்காதீர்கள். எவரேனும் அறியாமல் திருகியில் உரசினாற்போதும்.

பெற்றோர்க்கு ஒரு சொல்: 13 ஆம்பியர்ச் செருகி, 230 வோல்ட்டில் ஏறத்தாழ 3000 வாட்டையே தாங்கும். இரண்டு சுருள் கொண்ட அடுப்பையும் சோறாக்கும் மின்பானையையும் ஒரே நீட்டிப்பு வயரில் இணைத்தால் அவ்வெல்லை கடந்துபோகும். கம்பி சூடேறி உருகும்.

காந்தப் புலத்தால் சூடேற்றும் புதுவகை அடுப்பை வாங்க எண்ணுவோர், முதலில் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டியிருக்கும் சிறு காந்தத்தை எடுத்துப் பாத்திரங்களின் அடியில் வைத்துப் பார்க்கட்டும். உறுதியாக ஒட்டிக்கொண்டால் அப்பாத்திரம் பயன்படும். வெறும் அலுமினியத்திலும் பித்தளையிலும் காந்தம் ஒட்டாது.