வள்ளத்துப் பற்றறி வலுவிழத்தல்: காரணமறிதலும் காத்தலும்

வயலோடு வள்ளமும் உடைய மன்னார்க் கமக்காரர்க்கு இத்துண்டுப்பிரசுரம் உரியது. காலபோக வேலை தொடங்கியதும் வள்ளம் பல வாரம் கரையிற் கிடக்கும். மீண்டும் புறப்படுங்கால் பற்றறி வலுவிழந்திருக்கும். கரையில் இது தாமதம் மட்டுமே, கடலிலோ உயிராபத்து. விளக்கும் வானொலித் தொடர்பும் அற்று, இயந்திரமும் இயங்காத வள்ளம் காற்றும் நீரோட்டமும் இழுத்தவழியே செல்லும். 1974, 1976 ஆம் ஆண்டு உடன்படிக்கைகள் வகுத்த இந்தியக் கடலெல்லையும் அண்மையிலேயே உள்ளது.

காரணமறிதல்

12 வோற்று ஈய அமிலப் பற்றறி முழுதும் மின்னேறிச் சில மணிநேரம் ஓய்ந்திருப்பின் ஏறத்தாழ 12.6 வோற்றுக் காட்டும். 12.2 எனிற் பாதியளவே எஞ்சியுள்ளது.

1. முழுதும் மின்னேற்றி ஓய்ந்தபின் அளந்து, மறைமுனைக் (−) கம்பியைக் கழற்றி ஓரிரவு வைக்குக. காலையில் அளவு வெகுவாகக் குறைந்திருப்பின் குற்றம் பற்றறியினுடையதே.

2. கழற்றியபோது குறையாது, பூட்டியபோது குறையின், வள்ளத்தில் மின்னொழுக்கு உண்டு. எல்லா ஆளிகளையும் அணைத்து, மறைமுனைக்கும் கழற்றிய கம்பிக்கும் இடையே அம்பியர்மானியை இணைக்குக. உருகிகளை ஒவ்வொன்றாகக் கழற்றுக. எதனைக் கழற்ற ஓட்டம் வீழ்கின்றதோ அவ்வழியே ஒழுக்குள்ளது. அப்பொழுது இயந்திரத்தை இயக்கலாகாது, மானி கெடும். தானே இயங்கும் அடிநீர்ப் பம்பி தலைமை ஆளியைச் சாராது நேரே இணைக்கப்படுவதுண்டு, அதனையும் நோக்குக.

அரை அம்பியர் ஒழுக்கு வரம்பிலுள்ள நண்டுவளை போன்றது. நாளொன்றுக்கு 12 அம்பியர்-மணி வீதம், 60 அம்பியர்-மணிப் பற்றறியை ஐந்து நாளில் வெறுமையாக்கும்.

3. இவ்விரண்டும் செவ்வையெனின், இயந்திரம் ஓடுகையில் அளக்குக. ஏறத்தாழ 14 வோற்று இருத்தல் வேண்டும். ஓய்விற் கண்ட அளவே நிற்பின் மின்னேற்றும் பகுதி பழுதுற்றது.

காத்தல்

உப்புக்காற்றாற் படியும் ஈரவுப்பு, முனைகளுக்கிடையே மின் கசியும் வழியாகும். மூடிகளை இறுக்கி, அப்பச்சோடாக் கரைசலில் நனைத்த துணியால் மேற்புறத்தைத் துடைத்து, நன்னீராற் கழுவி உலர்த்தி, கம்பிகளை இறுகப் பூட்டியபின் முனைகளிற் கிறீஸ் பூசுக. நீர் விடும் வகையாயின் தகடுகள் மூழ்குமளவு காய்ச்சி வடித்த நீரே விடல்வேண்டும். கிணற்று நீர் ஆகாது. மின்னேற்றுகையில் எரியத்தக்க ஐதரசன் வாயு எழுமாதலின் பீடியோ விளக்கோ அணுகலாகாது.

வள்ளத்தைக் கரையேற்றிய நாளிலேயே பற்றறியைக் கழற்றி, முழுதும் மின்னேற்றி, நிழலில் வைக்குக. மாதமொருமுறை மீண்டும் மின்னேற்றுக. வெறுமையாய்க் கிடப்பின் தகடுகளில் ஈயசல்பேற்று இறுகி, பற்றறி பயனற்றுப்போகும்.

உழவு இயந்திரத்துப் பற்றறிக்கும் இம்முறைகளே பொருந்தும். கடலுக்குச் செல்லுமுன், முதல்நாள் மாலையிலேயே அளந்து பார்த்தல் வேண்டும், 12.4 வோற்றுக்குக் குறையின் மின்னேற்றாது புறப்படலாகாது.