சமையலறைச் சுவரை அகற்றலாமா?

கேள்வி: பழைய அடுக்ககத்தில் சமையலறைக்கும் கூடத்திற்கும் இடையிலுள்ள சுவரை அகற்றிவிடலாம் என்கிறார் உள்ளக வடிவமைப்பாளர். ஒப்புக்கொள்ளலாமா?

பதில்: மேல்தளத்தின் பாரத்தை அடித்தளத்திற்குக் கடத்தும் ‘சுமைதாங்கு சுவர்’, அறைகளைப் பிரிக்க மட்டுமே எழுப்பப்படும் ‘தடுப்புச் சுவர்’ எனச் சுவர்கள் இருவகைப்படும். கான்கிரீட் தூண்களும் உத்தரங்களும் பாரத்தை ஏற்கும் கட்டடங்களில் உட்சுவர்கள் பெரும்பாலும் 4½ அங்குலத் தடுப்புகளே என்றாலும், தடிமனை மட்டும் கொண்டு முடிவு செய்ய இயலாதாகையால், கட்டமைப்புப் பொறியாளர் வரைபடத்தையும் கட்டடத்தையும் ஆராய்ந்து எழுத்தில் ஒப்புதல் தந்த பின்னரே சுவரில் கைவைப்பது முறை.

அடுத்துக் கருதத்தக்கது காற்றோட்டம். தாளிப்பின் நெடியும் எண்ணெய்ப் பிசுக்கும் கூடத்துத் திரைச்சீலைகளில் படியும் என்பதால், கரி வடிகட்டி வழியே காற்றை அறைக்குள்ளேயே திருப்பிவிடும் சிம்னியைவிட, குழாய் வழியே வெளியேற்றும் சிம்னியே ஏற்றது. சிலிண்டர் எரிவாயு காற்றைவிடக் கனமானதாகையால், கசிந்தால் அது தரையோரம் தேங்கும் என்பதை உணர்ந்து, தாழ்வான காற்றுத் துளைகளைப் புதிய அலமாரிகள் அடைத்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சுவரை அகற்றிச் சமையலறையை மாற்றியமைக்கும்போது, அடுப்பு, கழுவுதொட்டி, குளிர்பதனப் பெட்டி ஆகியவற்றை இணைக்கும் ‘பணி முக்கோணம்’, அதாவது சமைப்பவர் திரும்பத் திரும்ப நடக்கும் தடம், மொத்தம் 13 முதல் 26 அடிக்குள் அமைவது வடிவமைப்பு மரபு. பொறியாளர் ஒப்புதல் கிடைத்தாலும், முழுச் சுவரையும் இடிப்பதினும், இடுப்பளவுச் சுவரை நிறுத்தி மேலே நகரும் கண்ணாடித் தடுப்பைப் பொருத்துவதே தாளிப்பு மிகுந்த தமிழ்ச் சமையலுக்குப் பொருந்தும்.