தீசிஸ் எடிட்டிங்: திருத்துங்கள், எழுதிக் கொடுக்காதீர்கள்

பிஎச்.டி. தீசிஸ், பி.ஜி. புராஜெக்ட் ரிப்போர்ட், ஜர்னல் பேப்பர் என்று எதை எடுத்தாலும், பிழை பார்த்துக் கொடுக்க ஆள் தேடும் மாணவர்களுக்குக் குறைவில்லை. மொழியறிவும் ஒரு லேப்டாப்பும் இருந்தால் வீட்டிலிருந்தே தொழிலைத் தொடங்கிவிடலாம். அதனால்தான் போட்டியும் கடுமை. ‘தீசிஸ் எழுதித் தரப்படும்’ என்ற விளம்பரம் ஜெராக்ஸ் கடைச் சுவரிலும் இருக்கிறது, வாட்ஸ்அப் குரூப்பிலும் இருக்கிறது. அவர்களோடு ரேட்டில் மோதினால் நீங்கள் தாக்குப்பிடிக்க முடியாது. நம்பகத்தன்மையில் மோதினால் அவர்களால் தாக்குப்பிடிக்க முடியாது.

அந்த நம்பகத்தன்மைக்கு அடிப்படை ஒரே ஒரு கட்டுப்பாடுதான்: மாணவரின் மொழியைத் திருத்தலாம், மாணவரின் வேலையைச் செய்யக் கூடாது. அதை நடைமுறையில் காப்பாற்றும் வழிகள் இதோ.

1. உங்கள் வேலை எதுவரை என்று பிரித்துக்கொள்ளுங்கள்

மெய்ப்புப் பார்ப்பது என்றால் எழுத்துப்பிழை, ஒற்றுப்பிழை, நிறுத்தக்குறி, விடுபட்ட சொல். காப்பி எடிட்டிங் என்றால் குழம்பிய வாக்கியத்தைத் தெளிவாக்குவது, கலைச்சொற்களை முதல் பக்கம் முதல் கடைசிப் பக்கம் வரை ஒரே மாதிரி ஆக்குவது, துணைநூற்பட்டியலை ஏபிஏ, எம்எல்ஏ போன்ற ஸ்டைலுக்குக் கொண்டுவருவது. இவற்றைத் தாராளமாகச் செய்யலாம். வாதம், தரவு, அதிலிருந்து எடுக்கும் முடிவு ஆகிய மூன்றும் மாணவருடையவை. ஆஸ்திரேலிய எடிட்டர்களின் அமைப்பான இன்ஸ்டிட்யூட் ஆஃப் புரொஃபஷனல் எடிட்டர்ஸ், தீசிஸ் எடிட்டிங்குக்கென்றே தனி வழிகாட்டு நெறிகள் வைத்திருக்கிறது. உள்ளடக்கத்திலும் கட்டமைப்பிலும் குறை தெரிந்தால் சுட்டிக்காட்டலாம், தீர்வை எழுதிக் கொடுக்கக் கூடாது என்பதே அதன் சாரம். அதையே உங்கள் அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள்.

2. சந்தேகம் வந்தால் கேள்வி கேளுங்கள்

‘60 மாணவர்களிடம் தகவல் சேகரிக்கபட்டது’ என்று ஒரு வரி வருகிறது. ‘சேகரிக்கப்பட்டது’ என்று ஒற்றைச் சேர்ப்பது உங்கள் வேலை. ஆனால் 4ஆம் அட்டவணையைக் கூட்டிப் பார்த்தால் 58தான் வருகிறது. நீங்களாக 60ஐ 58 ஆக்கிவிடாதீர்கள். இரண்டு பேர் படிவத்தைத் திருப்பித் தராமல் போயிருக்கலாம். டைப்பிங் பிழையாகவும் இருக்கலாம். அது ஆய்வாளருக்குத்தான் தெரியும். ‘அட்டவணை 4இல் மொத்தம் 58. எது சரி?’ என்று கமென்ட் போட்டுவிட்டு நகருங்கள்.

அடுத்த வரி: ‘மாணவிகள் அதிக மதிப்பெண் பெற்றுள்ளதால், அவர்களே நூலகத்தை அதிகம் பயன்படுத்துகின்றனர்.’ இலக்கணத்தில் குறையில்லை, தர்க்கம்தான் உதைக்கிறது. மாற்றி எழுத மனசு துடிக்கும். எழுதாதீர்கள். ‘நூலகப் பயன்பாட்டுக்கான தரவு எந்தப் பக்கத்தில் உள்ளது?’ என்று மட்டும் கேளுங்கள். வைவாவில் எக்ஸாமினர் கேட்கப்போகும் கேள்வியை நீங்கள் முன்கூட்டியே கேட்டுவிட்டீர்கள். மாணவருக்கு இதைவிடப் பெரிய உதவி கிடையாது.

3. டிராக் சேஞ்சஸ் இல்லாமல் ஒரு கமாகூடப் போடாதீர்கள்

வேர்டில் டிராக் சேஞ்சஸை ஆன் செய்துவிட்டுத்தான் முதல் பக்கத்தையே தொட வேண்டும். ஒவ்வொரு திருத்தத்தையும் ஏற்பதா, தள்ளுவதா என்று மாணவரே முடிவு செய்யட்டும். ‘எல்லாத்தையும் நீங்களே அக்செப்ட் பண்ணி கிளீன் காப்பியா குடுத்துடுங்க’ என்பார்கள். மறுத்துவிடுங்கள். மாணவர் தன் தவறுகளைப் பார்த்துக் கற்றுக்கொள்ளும் இடம் அதுதான். நாளைக்கு நெறியாளர் கேள்வி கேட்டால், நீங்கள் எவ்வளவு தொட்டீர்கள் என்பதற்கான சாட்சியும் அந்த ஃபைல்தான். அதை உங்களிடமும் பத்திரமாக வைத்திருங்கள்.

4. யுஜிசி விதிகளை விரல்நுனியில் வைத்திருங்கள்

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிகள், பிறர் எழுத்தோடு தீசிஸுக்கு உள்ள ஒப்புமை அளவை நான்கு நிலைகளாகப் பிரிக்கின்றன. 10% வரை தண்டனை இல்லை. 10%க்கு மேல் 40% வரை என்றால் 6 மாதத்துக்குள் திருத்திச் சமர்ப்பிக்க வேண்டும். 40%க்கு மேல் 60% வரை என்றால் திருத்திய பிரதியைச் சமர்ப்பிக்கவே ஓராண்டு தடை. 60%ஐத் தாண்டினால் பதிவே ரத்து. பட்டம் வாங்கிய பிறகு எழுத்துத் திருட்டு நிரூபணமானாலும் பட்டம் நிறுத்திவைக்கப்படும். முதல் போன் காலிலேயே இதைத் தெளிவாகச் சொல்லும் எடிட்டர்மீது மாணவருக்கு உடனே மரியாதை வரும்.

5. ‘பர்சென்டேஜ் குறைச்சுக் குடுங்க’ என்றால் மறுத்துவிடுங்கள்

சொற்களை மட்டும் மாற்றிப்போட்டு சாஃப்ட்வேரை ஏமாற்றுவது எடிட்டிங் அல்ல, திருட்டுக்குத் துணைபோவது. மறுக்கும்போது வழியும் காட்டுங்கள்: ‘தம்பி, இந்த மூணு பத்தி வேற ஒருத்தர் எழுதின மாதிரி இருக்கு. எங்கிருந்து எடுத்தீங்களோ, அந்த சோர்ஸைப் போடுங்க. இல்லைன்னா படிச்சுட்டு உங்க சொந்த வார்த்தையில எழுதிட்டு வாங்க. மொழியை நான் பார்த்துத் தர்றேன்.’ ‘அக்கா, முடிவுரை மட்டும் நீங்களே எழுதிடுங்களேன்’ என்று கெஞ்சினாலும் இதே பதில்தான். வைவாவில் அவர் தனியாக உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டும். தான் எழுதாத முடிவுரையை அவரால் அங்கே காப்பாற்ற முடியாது.

6. பேச்சுவார்த்தையை எழுத்தில் முடியுங்கள்

என்ன செய்வீர்கள், என்ன செய்ய மாட்டீர்கள், சொல்லுக்கு எவ்வளவு, எத்தனை நாள், அட்வான்ஸ் எவ்வளவு என்று எல்லாம் ஒரே மெயிலில் இருக்கட்டும். நெறியாளருக்குத் தெரிந்துதான் எடிட்டரிடம் வருகிறாரா என்று கேட்டு உறுதி செய்யுங்கள். சாம்பிளாக இரண்டு பக்கம் திருத்திக் காட்டிய பிறகு ரேட் பேசுங்கள். ‘பாஸ் கேரன்டி’ என்று வாக்குக் கொடுக்காதீர்கள். நன்றியுரையில் எடிட்டர் பெயரையும், செய்தது மொழித்திருத்தம் மட்டுமே என்பதையும் குறிப்பிடச் சொல்லுங்கள். தீசிஸ்களைப் பொதுவில் வைக்கும் ஷோத்கங்கா தளத்தில் அது ஏறிவிட்டால் அந்த ஒரு வரி உங்களுக்கு இலவச விளம்பரம்.

7. ஃபைலின் ரகசியத்தைக் காப்பாற்றுங்கள்

வெளிவராத ஆய்வு, பேட்டி கொடுத்தவர்களின் பெயர், நோயாளிகளின் விவரம் எல்லாம் அந்த ஃபைலில் இருக்கும். அனுமதி கேட்காமல் ஏஐ டூல் எதிலும் ஏற்றாதீர்கள். ஒருவருடைய தீசிஸை இன்னொருவருக்கு ‘மாடல்’ என்று அனுப்பவே அனுப்பாதீர்கள்.

8. வெளிநாட்டு ஆர்டரில் கூடுதல் கவனம்

காசு டாலரில் வருகிறது என்று எதற்கும் தலையாட்டாதீர்கள். மாணவருக்குப் பதிலாக அசைன்மென்ட் எழுதித் தரும் வணிகத்தை ஆஸ்திரேலியா 2020இல் சட்டம் போட்டுக் குற்றமாக்கியது. அதிகபட்சம் 2 ஆண்டு சிறை. இங்கிலாந்திலும் 2022 சட்டப்படி அந்தச் சேவையை வழங்குவதும் விளம்பரம் செய்வதும் குற்றம். ‘எடிட்டிங்’ என்று பெயர் வைத்துக்கொண்டு முழுக் கட்டுரை கேட்கும் ஏஜென்சியிடமிருந்து உடனே விலகுங்கள்.

இந்தத் தொழிலில் அடுத்த ஆர்டரைக் கொண்டுவருவது விளம்பரம் இல்லை, நெறியாளரின் சிபாரிசு. ‘அவங்ககிட்ட குடு, மொழியை மட்டும்தான் தொடுவாங்க’ என்று ஒரு பேராசிரியர் சொல்லிவிட்டால், அவரிடம் படிக்கும் அத்தனை மாணவர்களும் உங்களிடம்தான் வருவார்கள். எனவே இந்த வாரமே உங்கள் சேவை எல்லையை ஒரு பக்கத்தில் டைப் செய்யுங்கள். அடுத்து யார் கூப்பிட்டாலும், ரேட்டுக்கு முன்னால் அந்தப் பக்கத்தை அனுப்புங்கள்.